கோர்டன் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை

நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் ஜூன் முதல் தேதி தொடங்கி நவம்பர் 30 வரை. அதுதான் அட்லாண்டிக் கடலின் ஹரிக்கேன் சீசன். பிள்ளை பிறந்த பிறகு உட்கார்ந்து பெயர் தேடுகிற வழக்கமெல்லாம் அங்கே கிடையாது. எல்லாம் முன்கூட்டியே ரெடி. ஒரு வருடத்துக்கு 21 பெயர்கள். ஏ-யில் ஆரம்பித்து டபிள்யூ வரை. க்யூ, யூ, எக்ஸ், ஒய், இஸட் எழுத்துகளுக்கு இடமில்லை. அவற்றில் பெயர் கிடைப்பது கஷ்டம். ஒன்று ஆண் பெயர், அடுத்தது பெண் பெயர். இப்படி ஆறு லிஸ்ட். ஏழாவது வருடம் முதல் லிஸ்ட்டைத் தூசி தட்டித் திரும்ப எடுப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற நம் வழக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பெயர்களை முடிவு செய்வது மயாமியில் இருக்கிற அமெரிக்கப் புயல் மையம் என்று நினைப்பவர்கள் உண்டு. கையில் இருக்கிற லிஸ்ட்டிலிருந்து வரிசைப்படி எடுத்து வைப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. லிஸ்ட்டின் சொந்தக்காரர், ஐ.நா.வின் குடைக்குள் இருக்கிற உலக வானிலை அமைப்பு. அதற்கு ஹரிக்கேன் கமிட்டி என்று ஒன்று. அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ, மத்திய அமெரிக்க நாடுகள், கரீபியன் தீவுகள் என்று எல்லோரும் உறுப்பினர்கள். வருடா வருடம் கூடி, போன சீசனைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்தில் நடக்கும் ஒரு சின்னக் காரியத்தைப் பற்றித்தான் எனக்குப் புகார்.

புகாருக்கு முன்னால் ஒன்று. புயலுக்குப் பெயர் வைப்பதே வெட்டி வேலை என்று நினைப்பவரா நீங்கள்? இல்லை ஸார். பெயர் இல்லாத காலத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லித்தான் புயலை அடையாளம் காட்டினார்கள். மணிக்கு மணி மாறுகிற அந்த எண்களை, கரகரக்கும் ரேடியோவில், நடுக்கடலில் இருக்கிற கப்பல்காரன் காதில் வாங்க வேண்டும். கடலில் ஒரே நேரத்தில் இரண்டு புயல் இருந்தால் தீர்ந்தது கதை. எந்தப் புயலுக்கு எந்த எண் என்று குழம்பி, வரப்போகிற புயலை விட்டுவிட்டு வராத புயலுக்குப் பயந்து ஓடுவான். ஒரு சின்னப் பெயர் இந்த எல்லாத் தொல்லையையும் தீர்த்துவிடுகிறது. அந்த விஷயத்தில் கமிட்டிக்கு நூற்றுக்கு நூறு கொடுத்துவிடலாம்.

அந்தக் காலத்தில் கரீபியன் தீவுகளில் புனிதர்களின் பெயர். எந்தப் புனிதரின் திருநாளன்று புயல் வந்ததோ அவர் பெயர். பியூர்ட்டோ ரிக்கோவில் 1876 செப்டம்பர் 13 அன்று வந்தது சான் ஃபெலிப்பே. 52 வருடம் கழித்து, 1928-ல், சொல்லி வைத்தாற்போல் அதே செப்டம்பர் 13-ல் இன்னொன்று. ராஜாக்களுக்கு நம்பர் போடுவது மாதிரி அதற்கு 'இரண்டாம் சான் ஃபெலிப்பே' என்று பெயர் போட்டார்கள். அதே புயல் நேராக ஃப்ளோரிடாவுக்குப் போய், ஒக்கீச்சோபீ ஏரியின் மண்கரையை உடைத்து, குறைந்தது 2,500 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் வயல் வேலைக்கு வந்திருந்த கறுப்பினக் கூலிகள். மொத்தமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அமெரிக்கச் சரித்திரத்தில் அந்தப் புயலுக்கு ஏரியின் பெயர்தான். ஒக்கீச்சோபீ ஹரிக்கேன். எங்கே உடைந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது, கவனியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கிளெமென்ட் ராகி என்று ஒரு வானிலைக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தனக்கு ஒத்துவராத அரசியல்வாதிகளின் பெயரைப் புயல்களுக்கு வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். நம் ஊரில் அந்தத் தைரியம் யாருக்கும் வராது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடல் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க ராணுவ வானிலைக்காரர்கள் மனைவி பெயரையும் காதலி பெயரையும் வைத்தார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டு, 1953-லிருந்து அட்லாண்டிக் புயல்கள் எல்லாமே பெண்கள். ராக்ஸி போல்ட்டன் என்ற ஃப்ளோரிடா பெண்மணி வருடக்கணக்கில் சண்டை போட்டார். பெயர்தானே வேண்டும், செனட்டர்களின் பெயரை வையுங்களேன், பாலத்துக்கும் ரோட்டுக்கும் தங்கள் பெயர் வைத்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டார். நியாயமான யோசனை. செனட்டர்கள் காதில் விழவில்லை.

கடைசியில் 1978-ல் இதற்கு முடிவு கட்டியவர் ஜுவானிடா கிரெப்ஸ். கார்ட்டர் மந்திரிசபையில் வணிகத்துறை மந்திரி. அமெரிக்காவில் வானிலை இலாகா வணிகத்துறையின் கீழ் வருகிறது. பி.காம். படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். 1979-ல் அட்லாண்டிக்கின் முதல் ஆண் புயல் வந்தது. பெயர் பாப். அதே வருடம் வந்த டேவிட், பெரும்பாலும் டொமினிக்கன் குடியரசில், சுமார் இரண்டாயிரம் பேரைக் கொன்றது. ஆண்கள் சளைத்தவர்கள் இல்லை.

2014-ல் இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பெண் பெயர் வைத்த புயல்களில் சாவு அதிகமாம். பெண் பெயர் என்றால் ஜனங்கள் அலட்சியமாக இருந்துவிடுகிறார்களாம். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். மற்ற ஆராய்ச்சியாளர்கள் உடனே கேட்டார்கள்: அவர்கள் எடுத்துக்கொண்ட கணக்கு 1950-லிருந்து ஆரம்பிக்கிறது. 1979 வரை ஆண் பெயரே கிடையாது. அந்த நாட்களில் எச்சரிக்கையும் மோசம். அப்புறம் சாவெல்லாம் பெண்கள் கணக்கில் விழாமல் எங்கே விழும்? முதல் வருட அக்கவுன்டன்ஸி மாணவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சரி, என் புகாருக்கு வருகிறேன்.

ஒரு புயல் அளவுக்கு மீறி நாசம் செய்துவிட்டால், அந்தப் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். இதற்கு ரிட்டயர்மென்ட் என்று பெயர். அதே எழுத்தில் வேறு பெயர் வந்து உட்காரும். அட்லாண்டிக்கில் இதுவரை தொண்ணூறுக்கு மேல் பெயர்கள் இப்படி ஓய்வு பெற்றிருக்கின்றன. ஐ எழுத்துதான் அதிகம். ஐவன், ஐக், ஐரீன், இர்மா, ஐடா, இயன் என்று நீளும். ஐ எழுத்துக்கு ராசியில்லை என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். லிஸ்ட் ஐ-யை எட்டும்போது பெரும்பாலும் செப்டம்பர் வந்துவிடுகிறது. கடல் நன்றாகச் சூடேறியிருக்கும்.

எப்படி ரிட்டயர் செய்கிறார்கள்? இத்தனை பேர் இறந்தால், இத்தனை கோடி நஷ்டமானால் என்று எண்ணிக்கை ஏதும் கிடையாது. அடிபட்ட நாடு கமிட்டியில் எழுந்து நின்று கேட்க வேண்டும். கேட்டால், பேசி முடிவெடுப்பார்கள்.

இப்போது கோர்டன் கதை. 1994 நவம்பர். அது ஹரிக்கேன் அந்தஸ்துகூட இல்லாத வெறும் புயலாக ஹைதி பக்கமாக நகர்ந்தது. காற்றைவிட மழைதான் கொன்றது. ஹைதியின் மலைகளில் மரம் கிடையாது. அடுப்புக்கரிக்காக வெட்டி வெட்டி மொட்டையாகிவிட்டவை. மண்ணைப் பிடித்து வைக்க வேர் இல்லாததால் சேறும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து கிராமங்களின் மேல் இறங்கியது. இறந்தவர்கள் 1,122 பேர் என்கிறது பதிவு. அப்புறம் அதே கோர்டன் ஃப்ளோரிடாவைத் தொட்டது. அங்கே இறந்தவர்கள் பத்துப் பேருக்குள்.

அந்தப் பெயர் ரிட்டயர் ஆகவில்லை. ஆறு வருடம் கழித்து 2000-ல் இன்னொரு கோர்டன் வந்தது. பிறகு 2006, 2012, 2018, 2024. லிஸ்ட் சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் ஹைதிக்காரர்கள் ரேடியோவில் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள்.

ஏன் எடுக்கவில்லை? அந்த நவம்பரில் ஹைதி எப்படி இருந்தது என்று பார்த்தால் ஓரளவு புரியும். செப்டம்பரில்தான் அமெரிக்க ராணுவம் அங்கே இறங்கியிருந்தது. ராணுவப் புரட்சியில் துரத்தப்பட்ட ஜனாதிபதி அரிஸ்டைட் அக்டோபர் 15-ல் ஊர் திரும்பினார். அரசாங்கம் என்று ஒன்று நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பெயரை எடுங்கள் என்று மனுப் போடுவதா அவர்களுக்கு முதல் வேலையாக இருந்திருக்கும்? விதி அதையெல்லாம் பார்ப்பதில்லை.

2001-க்கு வாருங்கள். ஆலிசன் என்றொரு புயல். இதுவும் ஹரிக்கேன் ஆகவே இல்லை. ஹூஸ்டன் நகரத்தில் மழையைக் கொட்டி, ஆஸ்பத்திரிகளின் கீழ்த்தளங்களையும் ரோடுகளையும் மூழ்கடித்தது. இறந்தவர்கள் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. சேதம் 500 கோடி டாலருக்கு மேல். ஹரிக்கேன் ஆகாமலே ரிட்டயர் ஆன முதல் அட்லாண்டிக் பெயர் என்ற பெருமை ஆலிசனுக்கு. ஹூஸ்டன்காரர்கள் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பெயரை எடுத்தது சரிதான். கோர்டனை ஏன் எடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

2004-ல் ஜீன் என்ற புயலில் ஹைதியின் கொனாயிவ் நகரமே சேற்றில் புதைந்தது. மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஜீன் ரிட்டயர் ஆனது. 'பார்த்தாயா, ஹைதிக்கும் செய்திருக்கிறார்களே' என்பீர்கள். அந்தப் புயல் ஹைதியோடு நிற்கவில்லை. பலத்த ஹரிக்கேனாகி ஃப்ளோரிடாவையும் உடைத்துவிட்டுத்தான் போனது. யாருக்காக எடுத்தார்கள் என்பதை உங்கள் யூகத்துக்கே விடுகிறேன்.

ஒரு பெயரை எடுத்துவிட்டால் செத்தவர்கள் எழுந்து வரவா போகிறார்கள் என்று கேட்கலாம். வரமாட்டார்கள். ஆனால் ஒரு ஏழை நாடு உலகத்திடம் கேட்கக்கூடியவற்றில் பைசா செலவில்லாதது இது ஒன்றுதான். அதையும் மனுப் போட்டு, கூட்டத்துக்கு ஆள் அனுப்பி, கேட்டு வாங்க வேண்டும் என்றால் எப்படி? வியாபாரத்தில் வாராக்கடன் என்று ஒன்று உண்டு. வராது என்று தெரிந்த பணத்தை ஐந்தொகையில் வருமென்று காட்டிக்கொண்டிருந்தால் ஆடிட்டர் விடமாட்டார். கடன்காரன் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கவும் மாட்டார். இந்தக் கமிட்டிக்கு ஆடிட்டர் இல்லை.

விதியை மாற்ற முடியாதா என்றால், தாராளமாக முடியும். 2020-ல் 21 பெயரும் தீர்ந்து போய், கிரேக்க எழுத்துகளை வைத்துச் சமாளித்தார்கள். ஸீட்டா, ஈட்டா, தீட்டா என்று அடுத்தடுத்து வந்ததில் எது எது என்று அறிவிப்பாளர்களுக்கே நாக்குச் சுளுக்கிக்கொண்டது. ஈட்டாவும் ஐயோட்டாவும் இரண்டே வார இடைவெளியில் நிகரகுவாவின் ஒரே கரையில் வந்து அடித்தன. 2021 மார்ச்சில் கமிட்டி கூடியது. கிரேக்க எழுத்துக்கு இனி வேலையில்லை, தீர்ந்தால் எடுக்க இன்னொரு உபரி லிஸ்ட் என்று ஒரே கூட்டத்தில் முடித்துவிட்டார்கள். உச்சரிப்புக்காக மாற்றிய விதியைச் சாவுக்காகவும் மாற்றலாமே.

எடுக்காமல் விட்டது ஒரு பக்கம். எடுத்ததிலாவது கணக்குப் பார்த்தார்களா?

2017 செப்டம்பர் 20. பியூர்ட்டோ ரிக்கோவில் மரியா. மின்சாரக் கம்பிகள் மொத்தமாகப் போய், சில ஊர்களுக்குக் கரன்ட் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஆக்ஸிஜன் மெஷின் ஓடவில்லை. டயாலிஸிஸ் இல்லை. குளிரில் வைக்க வேண்டிய இன்சுலின் கெட்டது. இறந்தவர்கள் 64 பேர் என்றது அரசாங்கம். 2018 ஏப்ரலில் கமிட்டி கூடி, மரியா என்ற பெயருக்கு ஓய்வு கொடுத்தது. அன்றைக்கும் அரசாங்கக் கணக்கு அதே 64. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆய்வை ஏற்று எண்ணிக்கையைத் திருத்தினார்கள்: 2,975. பெயரை எடுத்தபோது எத்தனை பேருக்காக எடுக்கிறோம் என்பது எடுத்தவர்களுக்கே தெரியாது.

அடுத்தது கத்ரீனா. 2005 ஆகஸ்ட் 29. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் கத்ரீனா அழித்தது என்றுதான் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, தமிழ்ப் பத்திரிகைகள் உள்பட. நடந்தது கொஞ்சம் வேறு. புயலின் முழுப் பலமும் அந்த நகரத்தின் மேல் இறங்கவே இல்லை. 17-வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் என்று நகரத்துக்குள் ஓடும் கால்வாய்களின் தடுப்புச் சுவர்கள், தண்ணீர் உச்சியைத் தொடுவதற்கு முன்பே சாய்ந்தன. நகரத்தில் 80 சதவிகிதம் மூழ்கியது. சுவரைக் கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு. வடிவமைப்பிலேயே தப்பு என்று அந்தப் பிரிவே 2006-ல் ஒப்புக்கொண்டது. அதே 2006-ல் கத்ரீனா என்ற பெயர் ரிட்டயர் ஆகி, கட்டியா என்ற பெயர் அந்த இடத்துக்கு வந்தது. சுவர் கட்டியவர்களின் பெயரை யாரும் எந்த லிஸ்ட்டிலிருந்தும் எடுக்கவில்லை. சேதத்துக்கு இழப்பீடு கேட்டவர்களுக்கு, வெள்ளத் தடுப்பு வேலையில் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று 1928-ம் வருடச் சட்டம் ஒன்றைக் கோர்ட் காட்டியது.

அந்த ஊர்க்காரர்களில் ஒரு சாரார் கத்ரீனா என்ற பெயரையே சொல்வதில்லை. 'ஃபெடரல் வெள்ளம்' என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் மத்திய சர்க்கார் வெள்ளம். கமிட்டி வைத்த பெயரைத் தள்ளிவிட்டுத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சரியான பெயராகப் படுகிறது.

பெயருக்குப் பின்னால் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு வேடிக்கை நடந்தது. அங்கே காற்றழுத்தத் தாழ்வுக்கும் உயர்வுக்கும் பெயர் வைக்கும் உரிமையை பெர்லின் ஃப்ரீ யுனிவர்சிட்டி 2002-லிருந்து காசுக்குக் கொடுக்கிறது. 2012 ஜனவரியில் மினி கூப்பர் காருக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று ஒரு உயர் அழுத்தத்துக்கு கூப்பர் என்று பெயர் வாங்கினார்கள். உயர் அழுத்தம் என்றால் பளிச்சென்று வெயில் அடிக்கும், காருக்கு நல்ல விளம்பரம் என்று எண்ணம். வந்தது ரஷ்யக் குளிர். கிழக்கு ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கானோர் விறைத்துச் செத்தார்கள். கார் கம்பெனியான பி.எம்.டபிள்யூ வருத்தம் தெரிவித்தது. குளிரைக் கொண்டுவந்தது அவர்கள் இல்லை, பாவம். பெயருக்குச் சொந்தக்காரர் என்பதால் பதில் சொல்ல வேண்டி வந்தது.

நம் கடலுக்கு வந்தால், வங்கக் கடலுக்கும் அரபிக் கடலுக்கும் 2004-லிருந்து பெயர் வைக்கிறோம். முதலில் எட்டு நாடு, 64 பெயர். அவை தீர்ந்து 2020-ல் 13 நாடு, 169 பெயர். ஒரு முறை வைத்த பெயர் திரும்ப வராது. கஜா ஒரு தடவைதான், ஒக்கி ஒரு தடவைதான். ஆகவே ரிட்டயர்மென்ட் தகராறே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் ஏற்பாடு அவர்களுடையதைவிட உத்தமம். நமக்கு வேறு தகராறு. 2013-ல் இலங்கை கொடுத்த மகாசேன் என்ற பெயரில் ஒரு புயல் வந்தது. ஊருக்கெல்லாம் குளம் வெட்டிய ராஜாவின் பெயரை நாசகாரப் புயலுக்கு வைப்பதா என்று இலங்கையிலேயே எதிர்ப்பு. வியாரு என்று மாற்றினார்கள்.

இங்கே மணிக்கு 62 கிலோமீட்டர் வேகம் வந்தால்தான் பெயர். அதற்குக் கீழே என்றால் அனாமதேயம்தான். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயர் கிடையாது, அது புயலே இல்லை. பழி போட ஒரு வர்தாவோ தானேயோ இல்லாததால், ஜனங்கள் ஏரியின் பெயரைச் சொன்னார்கள். செம்பரம்பாக்கம். எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள், யார் உத்தரவு, ஏன் முன்னாடியே திறக்கவில்லை என்று டீக்கடையில்கூடக் கேட்டார்கள். 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. ஆடிட்டர் என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒக்கீச்சோபீ மாதிரி, எங்கே உடைந்தது என்பது பெயரிலேயே இருந்ததால் கேள்வியும் அங்கேயே நின்றது.

ஹரிக்கேன் கமிட்டி 2025-ல் கூடியபோது முந்தின வருடத்து லிஸ்ட்டிலிருந்து மூன்று பெயர்களை எடுத்தது. பெரில், ஹெலீன், மில்டன். பதிலுக்கு பிரையன்னா, ஹாலி, மிகுவெல். அந்த லிஸ்ட் மறுபடி 2030-ல் வரும். அதில் ஏழாவது பெயர் கோர்டன்.